விசர் பிடித்தவனின் கத்தி

ஜெர்மனியின் எசன் நகரிலிருந்து புறப்பட்ட ரயிலில் எனக்கு எதிரே இரண்டு சகோதரிகள். மூத்தவளின் மடியில் தாதியர் பயிற்சிப் புத்தகம். இளையவள் தன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"விசர் பிடிச்சவன் தன்ர கத்தியைத் திருப்பிக் கேட்டால் குடுக்கலாமோ அக்கா?"

"கத்தியை ஆர் கேட்டது? என்ர ஹாண்டியைத் தா." மூத்தவள் தன் கைபேசிக்காகக் கையை நீட்டினாள்.

"எங்கட மெய்யியல் வகுப்பில இதுதான் பாடம். ஒரு கிரேக்கக் கிழவர் சொல்லுறார், வாங்கினதைத் திருப்பிக் குடுக்கிறதுதான் நீதியெண்டு. அப்ப கத்தியைத் தந்துவைச்ச சிநேகிதனுக்குப் பிறகு விசர் பிடிச்சு மூளை குழம்பினால் என்ன செய்யிறது எண்டு அவரோட வாதாடுற மற்றவர் மடக்குறார்."

"எனக்கென்ன விசரோ?"

"திங்கட்கிழமை உனக்குச் சோதினை. நான் அழுதாலும் தராதை எண்டு நேற்று நீதானே தந்தனீ. இண்டைக்கு நாலு தரம் கேட்டிட்டாய்."

"ஒரேயொரு மெசேஜ் பாத்திட்டுத் தாறன்."

"கத்திக்காரனும் அப்பிடித்தான் சொல்லியிருப்பான்."

"உன்னை மெய்யியல் படிக்க விட்டது அப்பாவின்ர பிழை."

பைக்குள் கைபேசி அதிர்ந்தது. தங்கை எடுத்துப் பார்த்தாள். அவள் குரல் இறங்கிப்போனது.

"அம்மா. காலமையிலயிருந்து ஏழு தரம் போன் எடுத்திருக்கிறா."

"நீதானே வைச்சிருக்கிறாய், நீயே கதை."

தங்கை ஒரு கணமும் யோசிக்கவில்லை. அதிர்ந்துகொண்டிருந்த கைபேசியை அக்காவின் புத்தகத்தின்மேல் வைத்தாள்.

"இந்தா, உன்ர பொருள். அந்தக் கிழவர் சொன்னதுதான் சரி."