போத்தலில் இறங்கிய சக்தி

மூதூர்ப் படகுக்காகத் திருகோணமலை இறங்குதுறையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"டிவியில வாற டொக்டர், தண்ணிப் போத்தலைத் திரைக்கு முன்னால வைக்கட்டாம். சக்தி இறங்குமாம். எங்கட இவர் ஆஸ்பத்திரியில குடுத்த சீனி வருத்தக் குளிசையை விட்டிட்டு அதைத்தான் குடிக்கிறார், அக்கா."

"மெய்யான டொக்டரோ?"

"ஓம். கழுத்தில குழாயும் தொங்குது."

"டிவிக்குள்ள இருந்து அந்தக் குழாயை ஆருக்கு வச்சுப் பாக்கிறாராம்?"

"எங்கட இவர் பாக்கிறதோ அடுத்த நாள் வாற மறு ஒளிபரப்பு."

"நேற்றைய மீனையே நாங்க வாங்கமாட்டம். நேற்றைய சக்தியோ?" மூத்தவள் குரலைத் தாழ்த்தினாள். "சீனி ஏறியிருக்குமே?"

"இல்ல, இறங்கிட்டுது. நான் குளிசையைத் தூளாக்கிக் குழம்பில கலந்து குடுக்கிறனான்."

"அப்ப என்னடி கவலை?"

"தண்ணியாலதான் சுகம் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறார். அதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு மாமாவும் குளிசையை நிப்பாட்டிட்டார். அவருக்குக் குழம்பு வைக்க ஆளில்ல, அக்கா."