ஃபிளாப்பியில் கிளி

காலை ஒன்பது நாற்பது. நல்லூரில் பேருந்து ஏறிய ஆராய்ச்சி மாணவியின் மடியில் ஒரு ஃபிளாப்பி இருந்தது. பக்கத்தில் அவளுடைய மாமா. ஃபிளாப்பியில் டிசைன் ஏற்றும் பழைய மிஷின்களை வைத்து எம்பிராய்டரி யூனிட் நடத்துபவர்.

“அதுல இப்போ கிளி இருக்குது கண்ணு” என்றார் அவர்.

“ஏனுங்க மாமா, அது அரசாங்கத்தோட பழைய கிணத்துக் கணக்கெடுப்புங்க! எங்கயும் ஃபிளாப்பி டிரைவ் இல்லாமத்தானே உங்க மிஷின்ல போட்டுப் பாக்கக் குடுத்தேன்?”

“மிஷின் ‘அழிக்கட்டுமா’ன்னு கேட்டுச்சு. எப்பக் கேட்டாலும் ஆமான்னுதான் அமுக்குவோம். அழிச்சுட்டு எங்க கிளி டிசைனை அதுல ஏத்திக்கிச்சு. டிசைன் நல்லா வந்துச்சு.”

“இன்னிக்கு ஆவணக் காப்பகத்துல திருப்பித் தரணும். கண்டுபுடிச்சா அடுத்த ஃபிளாப்பி தரமாட்டாங்க. என்ற ஆராய்ச்சி அவ்வளவுதான்.”

“ஃபிளாப்பியோட காப்பகத்துல ஒரு கையேடு குடுத்தாங்களே, அதுல என்ன போட்டிருக்குது?”

“காந்தத்துப் பக்கத்துல வெக்கக் கூடாதாமுங்க. கிளியைப் பத்தி ஒண்ணுமில்லீங்க.”

கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒப்படைப்புப் படிவம் இருந்தது. அதில் கேட்டிருந்தது ஒன்றே: ஃபிளாப்பிகளின் எண்ணிக்கை. அவள் ‘ஒன்று’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.