குடத்தோடு நிற்கும் மூன்றாவது பெண்

காபி நன்றாக இருந்தது, கலியன். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். போலீஸ் ஸ்டேஷனில் இவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. சரி, பேனாவை எடு. நிதானமாகவே சொல்கிறேன்.

பெயர் திருஞானசம்பந்தம், வயது அறுபத்திரண்டு. நம் காஞ்சிபுரத்துக்கென்று ஒரு கலைக்களஞ்சியம் தொகுக்கிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதில் தொடங்கியது, இது ஒன்பதாவது வருஷம். எனக்கு உதவி ஆசிரியர் மாணிக்கவாசகம். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, தங்கமான மனுஷன். ஒரே ஒரு கெட்ட பழக்கம், எதை எழுதச் சொன்னாலும் கடைசியில் சினிமாவைக் கொண்டுவந்து ஒட்டிவிடுவான்.

செவிலிமேட்டுப் பாதையில் நாலுகால் மண்டபம் இருந்ததே, அதற்கு அவன் எழுதியதைப் பார்த்திருந்தால் உனக்கே வயிறு எரிந்திருக்கும். கட்டிய காலம், கல்வெட்டு எல்லாம் சேர்த்து இரண்டு வரி. அங்கே எடுத்த ஒரு பாட்டுக் காட்சிக்குப் பதினொரு வரி. கதாநாயகிக்கு என்ன நிறப் புடவை, கதாநாயகன் எந்தப் படியில் வழுக்கினான், அன்றைக்கு மத்தியானம் என்ன சாப்பாடு. கடைசி வரி: "குடத்தோடு நிற்கும் மூன்றாவது பெண் இவ்வூர் இந்திராணி." இந்திராணி அவன் பெண்டாட்டி.

"இது களஞ்சியமா, கொட்டகை வாசலில் விற்கிற பாட்டுப் புஸ்தகமா?" என்று கேட்டேன்.

"ஜனங்க அந்தப் பாட்டாலதான் மண்டபத்துக்கே வர்றாங்க ஐயா. கல்வெட்டைப் படிக்க எவன் வந்துக்கினு இருக்கான்? பத்து வரியை வேணா அடிச்சிடுங்க. இந்திராணி வரி மட்டும் இருக்கட்டும். அவ பேரு வேற எந்தப் புஸ்தகத்துல வரப்போகுது?"

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இன்றைக்கு ஒரு குடத்தை உள்ளே விட்டால் நாளைக்கு ஊர்க் குடமெல்லாம் வரிசையில் வந்து நிற்கும். அடித்தேன். திரும்ப எழுதினான். இப்படி ஏழு முறை. அச்சக முதலாளி வரதராஜனும் அவன் பக்கம் சாய்ந்துவிட்டார்.

எங்கள் களஞ்சியத்தில் ஒரு விதி உண்டு, நானே வகுத்தது. இடிந்துபோன கட்டடத்துக்கு ஒரே வரிதான். அந்த மண்டபமோ மேற்கல் விரிசல் விட்டு, ஒரு சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்து நின்றுகொண்டிருந்தது. விதி தெரிந்தவனுக்கு வேறென்ன தோன்றும், நீயே சொல்.

மண்டபம் மட்டும் போனால் போதாது என்று பிறகுதான் உறைத்தது. "இடிவதற்கு முன்" என்று தொடங்கி அவன் மறுபடி பதினொரு வரி எழுதுவான். அவனை எனக்குத் தெரியும்.

ஆகவே கைப்பிரதி ஓரத்தில் குறித்துக் கொடுத்தேன்: "மூன்றாவது பெண் நின்றது எந்தத் தூணருகே? நேரில் சரிபார்க்கவும்." அந்த வரிக்கு இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மறுநாள் காலையிலேயே இருவரும் போனோம். தென்கிழக்குத் தூணருகே, இந்திராணி நின்ற மாதிரியே இடுப்பில் கையை வளைத்து நின்று காட்டினான்.

"இங்கதான் ஐயா. எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன். பிறகு கட்டையை இழுத்தேன்.

கல்லைப் புரட்டி அவனை எடுக்க எட்டுப் பேர் வேண்டியிருந்தது. இந்திராணிக்கு நானே போய்ச் சொன்னேன். அவள் அழுததைப் பார்க்க எனக்கே தாங்கவில்லை. ஊரெல்லாம் விபத்து என்று பேசுகிறது. தப்பான தகவல் நிலைத்துவிடக் கூடாதே என்றுதான் நானாக வந்தேன்.

என்ன முணுமுணுக்கிறாய்? சினிமாவில்கூட இப்படி ஒருத்தனைப் பார்த்ததில்லையா? வாஸ்தவம்தான். யாராவது படமாக எடுத்தாலும் எடுப்பார்கள். அந்தச் செய்தியை மண்டபத்தின் கீழ் சேர்க்கக் கூடாது, விதி விதிதான். என் பெயருக்குத் தனிப் பதிவு போட்டு அதில் விவரமாக எழுதட்டும். என் வேஷத்தை யார் போட்டார் என்பதையும் விட்டுவிடக் கூடாது.