யூமாவில் பத்து மணிக் கல்யாணம்

இல்லீங்க ஐயா, உக்காந்தா இன்னும் படபடப்பாத்தான் இருக்கும். நான் இப்படியே நின்னுக்கறேன். ஜன்னல்கிட்ட நின்னா ரோடு தெரியுது பாருங்க. நீங்க பாட்டுக்கு டை கட்டுங்க, என்னைக் கண்டுக்காதீங்க. கல்யாணம் பண்ணி வைக்கிற ஜட்ஜ் வீடாச்சேன்னு காலங்காத்தால வந்து கதவை இடிச்சதுக்கே நீங்க என்னை மன்னிக்கணும். ரயில் அந்த நேரத்துக்குத்தான் இந்த ஊர்ல இறக்கி விடுது, நான் என்ன பண்ண?

ஆமாமா, அந்தக் கல்யாணத்துக்குத்தான் வந்தேன். பத்து மணிக்குன்னு ஹாலிவுட்லேருந்து போன் பண்ணிச் சொல்லியிருப்பாங்களே, க்ளெம் வார்டெல்னு? அதேதான். அவன் கார்ல வரான். ஏன் சேந்து வரலைன்னா, அது பெரிய கதை. இருங்க, கார் சத்தமா அது? ப்ச். பால் வண்டி.

உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க, எனக்கு முட்டையெல்லாம் வேண்டாம். கருப்புக் காபி போதும். பாவம், எனக்காக அந்தக் கல்யாணப் பாட்டு வாசிக்கிற ஆர்கனை வேற துடைச்சுக்கிட்டிருக்காங்க. துடைக்க வேண்டாம்னு... சரி விடுங்க, துடைக்கட்டும். நல்ல மனுஷி. ஒரு நாளைக்கு எத்தனை கல்யாணங்க இங்க நடக்கும்? அடேங்கப்பா. எல்லாம் எங்க ஊர்க்காரங்களாத்தான் இருக்கும். கலிஃபோர்னியாவுல கல்யாண லைசென்ஸுக்கு மூணு நாள் காத்திருன்னா எங்காளுங்களுக்குப் பொறுக்காது, எல்லை தாண்டி இந்த யூமாவுக்கு வந்தா உடனே முடியுது. மூணு நாள் யோசிச்சா பாதிப்பேர் பண்ணிக்கவே மாட்டாங்க, அதான்.

நான் நடிகையா? நல்லாச் சொன்னீங்க போங்க! இந்த மூக்கை வெச்சுக்கிட்டா? நான் சினிமாவுக்குக் கதை எழுதறவ. நெட்டா வார்டெல். நானும் க்ளெமும் ஜோடியாத்தான் எழுதுவோம். நான் டைப் அடிப்பேன். அவன் தொப்பியை மூஞ்சியில கவுத்துக்கிட்டு தரையில படுத்துக் கிடப்பான். தூங்கறானோன்னு பாத்தா திடீர்னு ஒண்ணு சொல்லுவான், எனக்குச் சிரிப்புல விரல் ஓடாது.

கோர்ட் படம்தான் எங்களுக்கு வரும். காதலும் கோர்ட்டும். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு பியானோவுக்காக கேஸ் போட்டு அடிச்சுக்குவாங்க, ஜட்ஜ் எரிச்சலாகி ரெண்டு பேரையும் ஜெயில்ல பக்கத்துப் பக்கத்து அறையில தூக்கிப் போட்டுடுவார், நடுச் சுவத்தைத் தட்டித் தட்டியே சமாதானமாயிடுவாங்களே... பாத்திருக்கீங்களா! ரெண்டு தடவையா! அது எங்களோடதுதான். சுவரைத் தட்டறது என் யோசனை. ஜட்ஜுக்குத் தும்மல் வர்றது க்ளெமோடது. ஜனங்க தும்மலுக்குத்தான் அதிகமா சிரிச்சாங்க, அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் தீரல.

எங்க வீட்லயும் கோர்ட் வந்துச்சு. அவன் குடிக்கல, அடிக்கல, ஒரு கண்றாவியும் இல்ல. ஒரு ஞாயித்துக்கிழமை சண்டை. எதுக்குன்னு கூட மறந்து போச்சு. ரெண்டு பேருக்கும் வாய்ல தோக்கத் தெரியாது. அவன், கோர்ட்ல பாத்துக்கலாம்னான். நான், பாத்துக்கலாமேன்னேன். யாராவது ஒருத்தர் போதும்டான்னு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினா நல்ல வசனம் போயிடுமேன்னு ரெண்டு பேரும் ஏட்டிக்குப் போட்டியா நின்னோம்.

விவாகரத்து வேணும்னா கோர்ட்ல ஏதாவது கொடுமை சொல்லணுமே? சாப்பிடறப்போ பேப்பர் படிக்கிறார்னு சொன்னேன். மன உளைச்சலாம். ஜட்ஜ் நிமிந்து கூட பாக்காம எழுதிக்கிட்டார். க்ளெம் அங்கேருந்து கண்ணடிக்கிறான்! வெளியே வந்து எதிர் ஓட்டல்ல போய் மாட்டுக்கறி வறுவல் சாப்பிட்டுக்கிட்டே அடுத்த படத்துக்குக் கதை பேசினோம். மறுநாளும் அதே மேஜை, அதே தரை, அதே தொப்பி. வீடுதான் ரெண்டாச்சு.

சிரிக்கிறீங்க. அப்ப மறுபடியும் கல்யாணமான்னுதானே? எங்க படம் எல்லாத்துலயும் அப்படித்தான் முடியும். ஜனங்களுக்கும் அது தெரியும், தெரிஞ்சேதான் காசு கொடுத்து வராங்க. காபிக்கு நன்றிங்கம்மா. இங்க வெச்சுடுங்க.

மணி ஒன்பதேகாலா? உங்க கடிகாரம் சரியாத்தான் ஓடுதா?

ஒண்ணு கேக்கறேன், நீங்க சட்டம் தெரிஞ்சவங்க. புதுப் படத்தோட கோர்ட் காட்சியை நேத்து எங்க ஸ்டுடியோ வக்கீல் படிச்சார். ஆட்லின்னு ஒரு கிழவர். சிவப்புப் பென்சிலால மேலேருந்து கீழ வரைக்கும் இழுத்துட்டார். ஏன்யான்னா, சட்டம் தப்பும்மாங்கறார். ஜட்ஜ் சுத்தியலைத் தட்டினதும் விவாகரத்து முடிஞ்சுடாதாம். ஒரு வருஷம் ஆகணும். அது தெரியும்யா எனக்குன்னேன். தெரியாது உனக்குங்கறார். வருஷம் முடிஞ்சப்புறம் ரெண்டு பேர்ல ஒருத்தர் திரும்ப கோர்ட்டுக்குப் போய், கடைசித் தீர்ப்பைக் கொடுங்கன்னு கேட்டு வாங்கணுமாம். கேக்காம விட்டா? விட்டா அவங்க புருஷன் பெண்டாட்டிதான்கறார். வருஷக்கணக்கா ஆனாலும்!

ஆமாம்ல? உங்களுக்குத் தெரியாம இருக்குமா. எங்களுக்குத்தான் தெரியல. எத்தனை படத்துல சுத்தியலைத் தட்டினோம்! நாங்க எழுதின சட்டத்தை நாங்களே நம்பிட்டோம். வருஷம் முடிஞ்ச அன்னிக்கு க்ளெம் ஒரு கேக் வாங்கிட்டு வந்தான், விடுதலை நாளாம். நானும் தின்னேன். சாக்லேட் கேக். யாரும் கோர்ட் பக்கமே போகல.

அப்ப நீ இன்னும் அவன் பெண்டாட்டிதானேம்மா, திரும்ப எதுக்குக் கல்யாணம்னு கேக்கறீங்க. நியாயமான கேள்விதான். அதைத்தான் நானும் ராத்திரி பூரா அந்த ரயில்ல உக்காந்து... ஐயோ.

கார் வருது. பச்சை கார். அவனேதான், அந்த மாதிரி வளைச்சு ஓட்டறவன் வேற யாரு. டயர் வெடிக்கட்டும், மணல்ல புதையட்டும், மனசு மாறி பாதி வழியில திரும்பிடட்டும்னு வேண்டாத தெய்வம் இல்ல. வந்துட்டானே.

இல்லீங்க, கல்யாணப் பதட்டம் இல்ல. பூ வேண்டாம்மா, எனக்கு வேண்டாம், அந்தப் பொண்ணுக்குக் கொடுங்க. அதோ, அவன் பக்கத்துல இறங்குது பாருங்க, வெள்ளைத் தொப்பி. அதாங்க கல்யாணப் பொண்ணு. நான் அவன் பெண்டாட்டி.

நல்ல பொண்ணுங்க. லொரேன்னு பேரு. எங்க படத்துல குறுக்க வர்ற ஆள் எப்பவும் மக்கா இருக்கும், ஜனங்க கவலைப்படாம சிரிக்கலாம். இது மக்கு இல்ல. எனக்கு ஜுரம் வந்தப்போ சூப் கொண்டு வந்து கொடுத்துச்சு. அதுதான் கஷ்டமா இருக்கு. நீங்க பாட்டுக்கு மந்திரத்தைச் சொல்லி முடிச்சா அவன் ஜெயிலுக்குப் போவான், அதோட பேரும் கெடும். சும்மா இருந்துடலாம்னு கூட நேத்து ஒரு நிமிஷம் தோணிச்சு. முடியல.

சொல்லாம இருப்பேனா? நேத்தே போன் போட்டேன். க்ளெம், நாம இன்னும் புருஷன் பெண்டாட்டிதான்னேன். பிரமாதமான திருப்பம் நெட்டா, கடைசிக் காட்சிக்கு வெச்சுக்கன்னு சிரிச்சுட்டு வெச்சுட்டான். நான் எதைச் சொன்னாலும் அவனுக்கு வசனம். இப்பவும் நான் சொன்னா அப்படித்தான் சிரிப்பான். அதனால நீங்க சொல்லுங்க ஐயா. சந்தேகம்னா லாஸ் ஏஞ்சலஸ் கோர்ட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கிட்டே சொல்லுங்க.

எனக்கா? எனக்கு என்ன வேணும்னு கேக்கறீங்களா? படியேறி வராங்க, மெதுவாப் பேசுங்க.

இதைத் தடுக்கணும்னா உங்களுக்கு ஒரு தந்தி அடிச்சிருந்தாப் போதும், எனக்குத் தெரியாதா? நீங்க சொல்றப்போ அவன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு நான் பாக்கணும். கோபப்பட்டான்னா அவனுக்கு நெஜமாவே அந்தப் பொண்ணுதான் வேணும்னு அர்த்தம், திரும்பிப் போய் அந்தக் கடைசித் தீர்ப்பை நானே கேட்டு வாங்கிக் கொடுத்துடறேன். கோபப்படலேன்னா... தெரியல. போங்க ஐயா, தட்டறாங்க பாருங்க, கதவைத் திறங்க.