சூப்பர்வைசர் ஸ்டெல்லா

ஆத்தூர் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இருவர் கழுத்திலும் ஒரே பெரிய மில்லின் அடையாள அட்டை. பஸ் திண்டுக்கல்லைத் தாண்டியதும் மூத்தவர் சொன்னார்:

"புரமோசன் குடுத்து என்னையக் கெடுத்துட்டாங்கடி செல்வி."

"ஏன்க்கா? சூப்பர்வைசர் ஆயிட்டீங்க. இனி சம்பளம் கூடத்தானே?"

"எங்கிட்டு? ஸ்டாஃபுக்கு ஓவர்டைம் காசு கெடையாதாம். முன்ன வாங்குனதவிடக் கொறச்சல்தான் கைக்கு வருது."

"வேண்டாம்னு சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னேன். 'முன்னேற இஷ்டமில்லன்னா வேற எடம் பாத்துக்கங்க ஸ்டெல்லா'ன்னுட்டாரு மேனேஜர்."

செல்வி மடியிலிருந்த சாப்பாட்டுப் பையைச் சரிசெய்தாள். ஸ்டெல்லாவே தொடர்ந்தார்.

"சாப்பாட்டு நேரத்துல எவளும் பக்கத்துல உக்கார மாட்டேங்குறா. தொட்டுக்க வெஞ்சனம் எடுத்து வச்சாலும் கை நீட்ட மாட்டேங்குறாளுக."

"நீங்க லேட்டு போடுறீங்களாமே?"

"தெனம் நாலு பேரையாவது லேட்டுல காட்டணும்னு மேல இருந்து சொல்றாங்கடி. காட்டலன்னா என்னைய நிக்க வச்சுக் கேக்குறாங்க."

"பாப்பாவுக்குக் காய்ச்சல்னு உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான்க்கா நேத்து உள்ள வந்தேன். அரை நாள் சம்பளம் போச்சு."

ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான்தான்டி போட்டேன்."

"தெரியும்க்கா. நீங்களாச் சொல்றீங்களான்னு பாக்கத்தான் பக்கத்துல வந்து உக்காந்தேன்."

செல்வி சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஊர் வர இன்னும் நேரம் இருந்தது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.