மதில்மேல் மக்காச்சோளம்

கோழி வளர்ப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தண்ணீரும் தீவனமும் சுத்தமாக இருந்தால் போதும். மற்றதைக் கோழியே பார்த்துக்கொள்ளும்.

வெளிப்பறவைகளை அண்டவிடக் கூடாது, அவ்வளவுதான். என் பதினெட்டுக் கோழிகளில் பதினொன்று ஒரே வாரத்தில் கழுத்து துவண்டு செத்தபோது, கால்நடை மருத்துவர் அதைத்தான் சொன்னார். "புறா, குருவி எச்சம் தண்ணியில விழுந்தாலே போதும்மா. வலை அடிங்க. தீவனத்தை வெளியில வைக்காதீங்க. மீதி ஏழாச்சும் நிக்கட்டும்."

அன்றே கூண்டைச் சுற்றி விரல் நுழையாத வலை அடித்தேன். தீவனத் தட்டை உள்ளே மாற்றினேன். கை முழுக்கக் கம்பிக் கீறல். என்ன செய்து என்ன. என் கணவரின் அக்கா தினமும் காலையில் என் கோழிகளுக்கு வைத்திருந்த மக்காச்சோளத்தை அள்ளி, கொல்லை மதில்மேல் போட்டு, ஊரில் உள்ள புறாவையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வந்தவை தின்றுவிட்டு வலைமேல்தான் உட்காரும். எச்சத்துக்கு வலை ஒரு தடையா?

நான் கத்துகிறவள் இல்லை. தன்மையாகத்தான் சொன்னேன்.

"அண்ணி, மதில்ல போடாதீங்க. கோழிக்கு நோய் வருது."

"உன் கோழிக்கு நீ இருக்க. இதுங்களுக்கு யாரு இருக்கா?" என்றார். "விட்டா உன் கோழிங்களுக்குத் தாலாட்டே பாடுவ போலருக்கு."

கணவரிடம் சொன்னேன். "அக்காவுக்கு வேற என்ன பொழுதுபோக்கு இருக்கு, விட்டுத்தொலையேன்" என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். அந்த வாரம் இன்னும் இரண்டு போயின. மிச்சம் ஐந்து. அந்த வீட்டில் என் குரலைக் கேட்டதும் ஓடிவருபவை அவை மட்டும்தான்.

அதனால், பூச்சிமருந்தில் ஊறவைத்துக் காயவைத்த சோளத்தைத் தனி டப்பாவில் போட்டு மதிலோரம் வைத்தேன். கோழித் தீவனத்தைப் பூட்டிவிட்டேன். "இனிமே இதுலேர்ந்து போடுங்க அண்ணி" என்றேன்.

"இப்பதான் உனக்கு மனசு வந்துருக்கு" என்று என் கன்னத்தைத் தட்டினார்.

அண்ணி இருபத்திரண்டு வருடம் தானியக் கிடங்கில் ஈரம் பார்க்கிற வேலையில் இருந்தவர். மூட்டைக்கு ஒரு மணி எடுத்துப் பல்லில் கடிப்பார். பட்டென்று உடைந்தால் காய்ந்த சரக்கு. வேலை விட்ட பிறகும் பழக்கம் விடவில்லை. எந்தத் தானியத்தை அள்ளினாலும், பிடிக்கு ஒரு மணி வாய்க்குள் போய்விடும். அது அவருக்கே தெரியாது. எனக்குத் தெரியும்.

மதியம் அவர் கண்ணயரும் நேரத்தில் செத்த பறவைகளைப் பொறுக்கிப் புதைத்தேன். மூன்றாம் நாள் வயிறு புரட்டுகிறது என்றார். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். கால் பிடித்துவிட்டேன். அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள், என் கவனிப்பில் ஒரு குறை சொல்ல மாட்டார்கள். ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

நான் மருந்து வைத்தது பறவைகளுக்கு. அதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன். மருந்தும் நன்றாகவே வேலை செய்தது. ஐந்தாம் நாளிலிருந்து அந்த மதிலில் ஒரு பறவைகூட வந்து உட்காரவில்லை. அண்ணிதான் விடாமல், "இன்னிக்கு வந்துரும் பாரேன்" என்று தினமும் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். டப்பா காலியாகக் காலியாக நான் நிரப்பி வைத்துக்கொண்டிருந்தேன்.