மழையில் நின்று வாசிக்க எழுத்து அமைத்தவருக்கு

கறுப்பு எழுத்தின் காவலரே, எங்கள் ஆபீசின் கண்ணே, அன்பிற்குரிய விஜயகலா அம்மா அவர்களே!

யட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள இந்தத் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் முப்பத்தொரு ஆண்டுகள் டைப்பிஸ்டாக இருந்து இன்று ஓய்வு பெறுகிறீர்கள். உங்கள் இடத்துக்கு ஆள் எடுக்க மாட்டார்களாம். நாளை முதல் அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் நான்தான் உட்கார வேண்டும்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறிவிப்புப் பலகைக்குப் போகும் ஒவ்வொரு தாளையும் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று வாசித்த பிறகே வெளியே விடுவீர்கள். தமிழைச் சிங்களத்தின் காலடியில் சிறுத்துக் கிடக்க விடமாட்டீர்கள். இரண்டும் ஒரே அளவு. வரிக்கு ஒரு செய்தி. முல்லைத்தீவிலிருந்து வந்து யாருமற்று இருந்த எனக்கும் இதையே காட்டித் தந்தீர்கள். கலர் போடலாமா என்று கேட்டேன். "சிவப்பு வெயில்ல வெளுத்துரும் தம்பி. கண்ணு மங்கினவங்க மழையில நின்னு வாசிக்கிறது இது. கல்யாணக் கார்டு இல்லீங்க" என்றீர்கள்.

நீங்கள் சொன்னதைக் கேட்டேனா? நீங்கள் காய்ச்சலோடு கரவனெல்ல ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம், மண்சரிவு எச்சரிக்கையை நான் அடித்தேன். முக்கியமான செய்தி அழகாக இருக்கட்டும் என்று நினைத்தேன். மஞ்சள் தாள், குங்கும நிறம், வளைந்து நெளிந்த எழுத்து, சுற்றிலும் பூ. 'உடனே வெளியேறுங்கள்' என்பது அடியில், சின்னதாக. மேல் லயத்தார் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, கோயில் நோட்டீஸ் என்று எண்ணிக்கொண்டார்கள். "திருவிழாவுக்கு இன்னும் நாளிருக்கே, பொறவு பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனாராம் கன்னையா அண்ணனின் மனைவி ஜெயம்மா. மறுநாள் காலை மலை சரிந்து மேல் லயத்தின் மீது இறங்கியது. ஜெயம்மாவை மூன்றாம் நாள்தான் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தார்கள்.

நீங்கள் திரும்பி வந்து ஒரு சொல்லும் திட்டவில்லை. அதே எச்சரிக்கையைக் கறுப்பில் நான்கு வரியாக அடித்து என் மேசையில் வைத்தீர்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பொறுமைக் கடலே, புகழின் சிகரமே என்றெல்லாம் பொன்னெழுத்தில் எழுதுவது வழக்கம். உங்களுக்கு அது பிடிக்காது. உங்கள் கண்ணும் கையும் நெடுங்காலம் நலமாயிருக்கட்டும். அடுத்த மழைக்கு முன் ஒருமுறை வாருங்கள் அம்மா. நான் அடிப்பதைப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்த மடலை நேற்றுச் சுவரில் ஒட்டி, கன்னையா அண்ணனைத் தள்ளி நின்று வாசிக்கச் சொன்னேன். முழுவதும் வாசித்தார். அவர் சொன்னதையும் உங்களிடம் மறைக்காமல் சேர்த்திருக்கிறேன்.

"நல்லா வெளங்குது தம்பி. அன்னைக்கும் இப்படியே அடிச்சிருக்கலாம்ல?"

ஆபீஸ் ஊழியர் அனைவருக்காகவும்,
துஷ்யந்தன்